ஒரு விங் இடம், மூன்று பையன்கள்: யாரை எடுப்பது?

பெரியகுளம், போடி, கம்பம் பக்கம் எந்த கூடைப்பந்து கிளப்பை எடுத்துக்கொண்டாலும் கோடை விடுமுறையில் வருகிற தலைவலி ஒன்றுதான். ஹாஸ்டலில் ஓர் இடம் காலி. ரிங்குக்குக் கீழே நிற்கிற சென்டருக்கு ஆள் இருக்கிறது, பந்தைக் கொண்டுவருகிற பாயின்ட் கார்டுக்கும் இருக்கிறது. வேண்டியது ஒரு விங், அதாவது இந்த இருவருக்கும் நடுவில் பக்கவாட்டில் ஆடுகிறவன். செலக்‌ஷனுக்கு வந்த கூட்டத்தை வடிகட்டினால் கடைசியில் மூன்று பையன்கள் மிஞ்சுவார்கள். மூவரும் மூன்று தினுசு. யாருக்கு நாலு வருஷம் சோறு போட்டு, ஷூ வாங்கிக் கொடுத்து, காலையும் மாலையும் பயிற்சி கொடுத்தால் இருபது வயதில் ஒரு வங்கி அணியோ ராணுவ அணியோ கூப்பிடும்?

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகளுக்கும், இளம் ஆட்டக்காரர்களை வருஷா வருஷம் வரிசைப்படி தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் இதே கேள்விதான். அங்கே புழங்குகிற பணம் வேறு, பையன்களின் அளவு வேறு. ஆனால் எல்லா அளவும் எல்லா எண்ணும் பதிவில் இருப்பதால், யார் சரியாகப் பார்த்தார்கள், யார் ஏமாந்தார்கள் என்பதைப் பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்க முடிகிறது. அந்த வகையில் அங்கே போன பணம் நமக்கு இலவசப் பாடம்.

முதலில் ஒரு கணக்கு. ஆட்டம் 40 நிமிஷம். அதில் ஏறத்தாழ 20 நிமிஷம் டிஃபன்ஸ். மீதி 20 நிமிஷம் பந்து நம்மிடம் இருந்தாலும் பெரும்பங்கு பாயின்ட் கார்டின் கையில்தான். நல்ல மட்டத்து ஆட்டத்தில் ஒரு விங்கின் கையில் மொத்தமாக மூன்று, நாலு நிமிஷம் பந்து இருந்தாலே அதிகம். மீதி நேரமெல்லாம் அவன் பந்து இல்லாமல் ஆடுகிறான்: ஆளைப் பிடிக்கிறான், மூலையில் நின்று இடத்தை விரிக்கிறான், பந்து வாங்க ரிங்கை நோக்கி வெட்டி ஓடி கட் அடிக்கிறான், தவறிய பந்தைப் பிடிக்க ரீபவுண்டுக்குப் போகிறான். பள்ளி மேட்சில் நடப்பது இதற்கு நேர்மாறு. கெட்டிக்காரப் பையன் கையில்தான் எப்போதும் பந்து. அதாவது, அவன் பிற்பாடு செய்யவே போகாத வேலையில் அவனைப் பார்த்துவிட்டு, செய்யப்போகிற வேலைக்கு ஆள் எடுக்கிறோம். விங் தேர்வில் நடக்கிற தப்புகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

மூன்று தினுசு

எண்களைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆனால் எந்த செலக்‌ஷனுக்குப் போனவர்களும் இந்த மூன்று பேரையும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதலாமவன் தாவல்காரன். 16 வயது, 190 செ.மீ. ஓடிவந்து எகிறினால் விரல்கள் ரிங்குக்கு மேலே போகும். பள்ளி மேட்சில் 25 பாயின்ட் போடுவான். எல்லாம் ஃபாஸ்ட் பிரேக், ரீபவுண்ட், தலைக்கு மேல் லேஅப். ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவில் மட்டும் பாதிக்குப் பாதி. ஊர் டீக்கடையில் இவன் பேச்சுதான்.

இரண்டாமவன் ஷூட்டர். 183 செ.மீ. கால் ஊன்றிப் பந்து வாங்கினால் வலை மட்டும்தான் அசையும். ஃப்ரீ த்ரோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல். ஆனால் பக்கவாட்டில் கால் நகர்வது மெதுவு. எதிராளி முதல் அடி வைத்ததுமே இவன் பின்னால் துரத்துகிற நிலைக்கு வந்துவிடுகிறான்.

மூன்றாமவன் போன வருஷம் வரை பாயின்ட் கார்டு. ஒரே வருஷத்தில் பத்து செ.மீ. வளர்ந்து இப்போது 186. கை விரிப்பு 196. வளர்ந்த வேகத்தில் ஷூட்டிங் கொஞ்சம் கலைந்து, ஃப்ரீ த்ரோ எழுபதுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. லேஅப்பில் இரண்டு கையும் சமம். பத்துப் பாயின்டைத் தாண்டுவதில்லை. வேடிக்கை பார்க்கிறவர்கள் கண்ணில் இவன் படவே மாட்டான்.

டேப்பை எடுக்கும்போது

செருப்பில்லாமல், காலையில், சுவரோடு குதிகால் ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஒரு சட்டப் பலகையை மட்டமாக வைத்து அளக்க வேண்டும். ஷூ இரண்டரை, மூன்று செ.மீ. கூட்டிக் காட்டும். நாள் முழுக்க நடந்து ஓடிய முதுகெலும்பு மாலைக்குள் ஒரு செ.மீ. வரை அமுங்கும். ஒருவனைக் காலையிலும் இன்னொருவனை மாலையிலும் அளந்து ஒப்பிடுவது வீண்.

விண்ணப்பத்தில் எழுதிய உயரத்தை நம்பவே கூடாது. 2025 டிராஃப்டில் வந்த ஏஸ் பெய்லியை ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 6 அடி 10 அங்குலம் என்று போட்டிருந்தது. அளவெடுப்பில் வெறுங்காலோடு நின்றபோது 6 அடி ஏழரை. இரண்டரை அங்குலம் காணோம்! அவர் 5-ஆம் இடத்தில் யூட்டாவுக்குப் போனார். உயரத்தைவிடப் பெரிய கேள்வி வேறிடத்தில் இருந்தது: ஆட்டத்துக்கு 17.6 பாயின்ட் போட்டவர் கொடுத்த அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், 1.3 மட்டும். பந்து வந்தால் திரும்பி வராது என்று அர்த்தம்.

உயரத்தோடு நிறுத்திவிடாமல் கை விரிப்பையும் அளக்க வேண்டும். முதுகு சுவரில் ஒட்ட, தோள் மட்டத்தில் கைகளை நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை. பிறகு பாதம் தரையில் பதிந்திருக்க ஒற்றைக் கையை மேலே தூக்கி எட்டும் உயரம். டிஃபன்ஸில் ஷாட்டை மறைப்பதும் பாஸைத் தட்டுவதும் கைதான். உச்சந்தலை ஒன்றும் செய்வதில்லை. என்.பி.ஏ.வின் காவாய் லெனர்ட் 6 அடி 7 அங்குலக்காரர், கை விரிப்பு 7 அடி 3. ஜேலன் வில்லியம்ஸ் ஆறரை அடிக்குள்தான் இருக்கிறார், கை விரிப்பு 7 அடி 2. நம் மூன்றாமவன் தாவல்காரனைவிட நாலு செ.மீ. குட்டை. ஆனால் கையை உயர்த்தி நின்றால் இருவரும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

இன்னும் வளர்வானா என்பதற்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். வருகிற எண்ணுக்கு மேலும் கீழும் எட்டு செ.மீ. போகலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பள்ளி மருத்துவப் பதிவில் போன இரண்டு வருஷ உயரம் இருந்தால் அது இன்னும் உறுதியான சாட்சி. கடைசி ஆறு மாதத்தில் மூன்று செ.மீ. ஏறியிருந்தால் வளர்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு செ.மீ.கூட ஏறவில்லை, முகத்தில் மீசையும் தாடியும் வந்துவிட்டது என்றால் இருக்கிற உயரம்தான் உயரம். தாவல்காரன் பெரும்பாலும் இந்த வகை. மற்றவர்களுக்கு முன்னால் வளர்ந்துவிட்டான், அதனால்தான் பதினாறில் எல்லோர் தலைக்கு மேலும் தெரிகிறான். பிறப்புச் சான்றிதழையும் அசல் தாளில் பார்த்துவிடுவது நல்லது. பதினாறு வயதுப் பிரிவில் பதினெட்டு வயதுக்காரன் தாவினால் அழகாகத்தான் இருக்கும்.

ஃப்ரீ த்ரோ சொல்கிற உண்மை

விங்குக்கு வெளியிலிருந்து பந்து போட வர வேண்டும். அதைச் சோதிக்க எல்லோரும் மூன்று பாயின்ட் எறியச் சொல்வார்கள். அது பாதி ஏமாற்று. 2017 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜாஷ் ஜாக்சன் கல்லூரியில் 90 மூன்று பாயின்ட் எறிந்து 34 போட்டார், 37.8 சதவீதம். டியூக்கின் ஜேசன் டேட்டம் 117-க்கு 40, அதாவது 34.2. மேலோட்டமாகப் பார்த்தால் ஜாக்சன்தான் ஷூட்டர். ஃப்ரீ த்ரோ பக்கம் திரும்பினால் கதை வேறு: ஜாக்சன் 56.6 சதவீதம், டேட்டம் 84.9. பாஸ்டன் 3-ஆம் இடத்தில் டேட்டமை எடுத்தது, ஃபீனிக்ஸ் 4-ஆம் இடத்தில் ஜாக்சனை எடுத்தது. டேட்டம் முதல் வருஷமே மூன்று பாயின்டில் 43.4 சதவீதம் போட்டார். ஜாக்சனின் ஷூட்டிங் கடைசிவரை கூடிவரவில்லை.

ஏன் இப்படி? 90 எறிதல் என்பது சின்ன எண்ணிக்கை. 90-க்கு 34 போட்டவனின் உண்மையான திறமை 28 முதல் 48 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஃப்ரீ த்ரோவில் தூரம் மாறாது, கை மறைக்க ஆளில்லை, அவசரமில்லை. கையின் பழக்கம் அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்தாலும் கோட்டை விடுவோம். லெனர்ட் சான் டியேகோ ஸ்டேட்டில் இரண்டாம் வருஷம் மூன்று பாயின்டில் 29 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 76 சதவீதம் போட்டவர். மைக்கேல் கிட்-கில்கிரிஸ்ட் கென்டக்கியில் 25.5, 74.5. ஏறக்குறைய ஒரே எண்கள். கிட்-கில்கிரிஸ்ட் 2012-இல் 2-ஆம் இடத்தில் போனார், லெனர்ட் 2011-இல் 15-ஆம் இடத்தில்தான் போனார். லெனர்டின் கையில் இருந்த கோளாறு சின்னது. சான் அன்டோனியோவில் பந்தைப் பிடிக்கிற இடத்தைத் திருத்தியதும் முதல் வருஷமே 37.6 சதவீதம் வந்தது. கிட்-கில்கிரிஸ்ட் பந்தைத் தூக்கும்போது நடுவில் ஒரு வெட்டு விழும், முழங்கை வெளியே பிதுங்கும். எத்தனையோ பேர் திருத்திப் பார்த்தும் அவருடைய கணக்கு 27 சதவீதத்தில்தான் முடிந்தது. ஆக, எண் ஒரு சாட்சி என்றால் முழங்கை இன்னொரு சாட்சி.

நம் கோர்ட்டில் சோதிக்கும் முறை இது. ரிங் 3.05 மீட்டரில் இருக்கிறதா என்று முதலில் டேப் போட வேண்டும். பையன்கள் தொங்கித் தொங்கி முன்விளிம்பு சரிந்த ரிங்குகள் நிறைய. சிமென்ட் கோர்ட்டில் பெயிண்ட் பழசு என்றால் மூன்று பாயின்ட் கோடு 6.25 மீட்டரிலேயே நிற்கும். 2010-இல் அது 6.75 ஆகிவிட்டது. அந்த அரை மீட்டரில் சுமாரான ஷூட்டரும் சூரனாகத் தெரிவான். பந்து 7-ஆம் எண், தோல் தேயாதது. ஒருவனுக்கு 100 ஃப்ரீ த்ரோ, இரண்டு நாளில் ஐம்பது ஐம்பதாக. பத்துக்கு ஒரு முறை இரண்டு கோர்ட் நீளம் ஓடிவிட்டு வந்து எறியச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் யாரும் மூச்சு இரைக்காமல் ஃப்ரீ த்ரோ போடுவதில்லை. 100-க்கு 70 போட்டவன் உண்மையில் 61-லிருந்து 79 வரை எதுவாகவும் இருக்கலாம். எனவே 66-க்கும் 73-க்கும் சண்டை போட வேண்டாம். 52-க்கும் 80-க்கும் நடுவில் இருப்பது நிஜமான தூரம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக இறங்குகிற காற்று கம்பம் பள்ளத்தாக்கில் என்ன செய்யும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது பந்து எம்மாத்திரம்? அந்த மாதங்களில் காலை ஏழரைக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கல்லூரி உள்ளரங்கு ஏதாவது கேட்டு வாங்க வேண்டும்.

போட்டதை எண்ணுகிறவர் ஒருவர், தவறியதை எழுதுகிறவர் இன்னொருவர். தவறிய ஒவ்வொன்றுக்கும் குட்டை, நெடுசு, இடது, வலது என்று ஒரு குறி. நேர்கோட்டில் குட்டையாகவோ நெடுசாகவோ போகிறவன் கை நேராக இருக்கிறது. காலில் பலமும் பழக்கமும் சேர்ந்தால் தானே சரியாகும். இடதும் வலதுமாகச் சிதறுகிறவனுக்கு முழங்கையிலோ துணைக்கையின் கட்டைவிரலிலோ கோளாறு. பதினாறு வயதில் அதைத் திருத்தப் பிடிக்கும் காலம் மாதக் கணக்கில்லை, வருஷக் கணக்கு. மூன்றாமவனின் 68 எந்த ரகம் என்பதில்தான் இந்தத் தேர்வே நிற்கிறது. வளர்த்தியால் கலைந்த ஷூட்டிங் பெரும்பாலும் குட்டை-நெடுசாகத்தான் தவறும்; கை நீண்டுவிட்டது, தூரக் கணக்கு இன்னும் பழையபடி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆளைப் பிடிக்கத் தெரிகிறதா

இதற்கு ஒரே பயிற்சி போதும். பையன் ரிங்குக்குக் கீழே நிற்கட்டும். மூன்று பாயின்ட் கோட்டில் நிற்கிறவனுக்குப் பாஸ் போகும்போது இவன் ஓடி வந்து மறைக்க வேண்டும். அவன் ஷூட் பண்ணலாம், அல்லது இரண்டே டிரிப்பிளில் உள்ளே போகலாம். ஆளுக்குப் பத்து முறை, வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் ஐந்து. எத்தனை முறை தாண்டிப் போகவிட்டான் என்று எழுதினால் போதும்.

கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு மீட்டர். நன்றாகத் தெரிந்தவன் முதலில் நீள அடி எடுத்து ஓடி, நெருங்கியதும் அடிகளைச் சின்னதாக நறுக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி வந்து நிற்பான். தாவல்காரன் இங்கே பறப்பான். பாதி முறை அழகான பிளாக் விழும், கைதட்டல் கிடைக்கும். மீதிப் பாதி எதிராளி பந்தைத் தூக்கிக் காட்டி ஏமாற்றிவிட்டு இவன் காற்றில் இருக்கும்போதே உள்ளே போய்விடுவான். இது திருத்தக்கூடிய பழக்கம். மூன்று மாதம் பிடித்து வேலை வாங்கினால் குறைந்துவிடும். ஷூட்டர் பறக்க மாட்டான். சரியான இடத்துக்குத்தான் வருவான், ஆனால் இரண்டு பாதமும் இணையாக, முட்டி விறைப்பாக நிற்பான். முதல் அடிக்கே தோற்பான். நிற்கிற நிலை, கோணம், கணுக்கால் மடக்கம் இவற்றைத் திருத்தினால் அரை அடி லாபம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கால் வேகம் பெரும்பாலும் பிறப்போடு வருவது.

2014-இல் நிக் ஸ்டாஸ்கஸ் 8-ஆம் இடத்தில் போனார். மிச்சிகனில் மூன்று பாயின்டில் 44 சதவீதம் போட்டவர். என்.பி.ஏ.வில் நிலைக்கவில்லை. அங்கே ஷூட்டரைச் சும்மா எறிய விடமாட்டார்கள். மறு பக்கத்தில் அவனையே தேடித் தேடி அடிப்பார்கள். 2015-இல் 13-ஆம் இடத்தில் போன டெவின் புக்கர் கென்டக்கியில் முதல் ஐந்திலேயே இல்லாதவர், பெஞ்சிலிருந்து வந்து 41 சதவீதம் போட்டார். அவருக்குக் கால் நுணுக்கமும், பந்தை வைத்துத் தனக்கே ஷாட் உண்டாக்கிக்கொள்கிற திறமையும் இருந்தன. ஒப்புநோக்க ஷூட்டிங் சின்ன விஷயம். 2025-இல் 4-ஆம் இடத்தில் ஷார்லட்டுக்குப் போன கான் கனிப்பலும் மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் ஷூட்டர்தான்: 40.6 சதவீதம் மூன்று பாயின்ட், 91.4 ஃப்ரீ த்ரோ. ஆனால் உடம்பில் பலம் இருக்கிறது, பந்து வந்ததும் அடுத்த பாஸ் தெரிகிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். நம் ஷூட்டர் இந்த மூவரில் யார் வழி என்பதைத்தான் அடுத்த சோதனை காட்ட வேண்டும்.

பந்தைப் பிடுங்கிக்கொண்டு பார்ப்பது

அரைக் கோர்ட்டில் நாலுக்கு நாலு. சோதிக்கப்படுகிற பையனுக்கு மட்டும் ஒரு விதி: டிரிப்பிள் கிடையாது, பந்து வந்தால் ஒரு நொடிக்குள் ஷூட், பாஸ் இரண்டில் ஒன்று. பத்து நிமிஷம் ஆட விட்டு, அணியை மாற்றி இன்னொரு பத்து நிமிஷம்.

ஐந்தாவது நிமிஷத்துக்குள் நிறையத் தெரிந்துவிடும். தாவல்காரன் முதலில் கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டே நிற்பான். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு மூலையில் இடுப்பில் கை வைத்து நிற்பான். அவனை யாரும் மறைக்க வேண்டியதில்லை என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். அவன் ஆள் உள்ளே போய் நம் சென்டரை இரட்டையாகப் பிடித்துக்கொள்வான். மூன்றாமவன், தன்னைப் பிடிக்கிறவன் தலையைத் திருப்பிய கணத்தில் அவன் முதுகுப் பக்கமாகக் கட் அடிப்பான். பந்து வருவதற்கு முன்பே இரண்டு பாதமும் ரிங்கைப் பார்த்திருக்கும், கைகள் மார்பு மட்டத்தில் தயாராக இருக்கும். இந்த ஒரு விஷயத்தை ஸ்கோர் ஷீட் ஒருபோதும் காட்டாது. பாயின்ட் கார்டாக இருந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வரவு இது. சின்ன உடம்பில் இருந்தபோது மூளையால் மட்டுமே தப்பித்தார்கள், உடம்பு பெரிதானபின் அந்தப் பழக்கம் போகாது. ஜேலன் வில்லியம்ஸ் பள்ளியின் கடைசிக் காலத்தில்தான் வளர்ந்தார், சான்டா கிளாரா என்ற சின்னக் கல்லூரியில் மூன்று வருஷம் ஆடி, 2022-இல் 12-ஆம் இடத்தில் போனார். 2025 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 பாயின்ட் போட்டு ஓக்லஹோமா சிட்டி கோப்பை வாங்கக் காரணமானவர்களில் ஒருவர்.

ஷூட்டர் இந்த ஆட்டத்தில் பாஸ் பண்ணினால், நகர்ந்துகொண்டே இருந்தால், அவன் கனிப்பல் வழி. நின்ற இடத்திலேயே பந்துக்குக் காத்திருந்தால் ஸ்டாஸ்கஸ் வழி.

2018-இல் ஒரே இரவில் நடந்த ஒரு மாற்றத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஃபிலடெல்ஃபியா 10-ஆம் இடத்தில் மிகால் பிரிட்ஜஸை எடுத்து, உடனே ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, 16-ஆம் இடத்தில் போன ஸயர் ஸ்மித்தையும் மயாமியின் எதிர்கால முதல் சுற்று உரிமை ஒன்றையும் வாங்கிக்கொண்டது. பிரிட்ஜஸ் வில்லனோவாவில் படிப்படியாக ஏறியவர். மூன்று பாயின்டில் 30, 39, 43 என்று வருஷத்துக்கு வருஷம் கூடியது. ஸ்மித் இளையவர், தாவினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவருடைய மூன்று பாயின்ட் 45 சதவீதம், ஆனால் எறிந்தது மொத்தமே 40. கால் முறிவும் உடல்நலக் கோளாறும் சேர்ந்ததில் ஸ்மித் ஆடிய என்.பி.ஏ. ஆட்டங்கள் 13 மட்டும். நோயை முன்கூட்டிக் கணிக்கத் தவறினார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 40 எறிதலை நம்பியதைச் சொல்லலாம்.

தாவல்காரர்கள் தேறவே மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஜேலன் பிரவுன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்று பாயின்ட் 29.4, ஃப்ரீ த்ரோ 65.4 என்ற எண்களோடு வந்தவர். 2016-இல் 3-ஆம் இடத்தில் போய், 2024 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனால் பாஸ்டனில் அவருக்குக் கிடைத்த பயிற்சியாளர் கூட்டமும் சாப்பாடும் ஜிம்மும் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒரு ஹாஸ்டல், ஒரு கோச், இரண்டு ரிங் என்று இருக்கிற இடத்தில் விதிவிலக்கை நம்பி இடம் கொடுப்பது சூதாட்டம்.

முட்டி

சோதனை நாளில் தாவல் குறைவாக இருந்தால் உடனே கழித்துவிடக் கூடாது. வேகமாக வளர்கிற பையனுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல் மேட்டில் வலி வரும். விரலால் அழுத்தினால் துள்ளுவான். சிமென்ட் தரையில் ஆடுகிறவர்களுக்கு இது சகஜம். ஓய்வும் தாவலைக் குறைப்பதும்தான் மருந்து. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் போய்விடும். அந்த வலியோடு இருக்கிறவனைக் குதிக்கச் சொல்லி அளப்பதில் பயனில்லை. ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்க்கலாம்: முட்டி உள்பக்கம் மடங்கினால் இடுப்புத் தசையில் பலம் போதவில்லை, தாவல் பயிற்சிக்கு முன் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இங்கத்திய சந்தை

இதுவரை சொன்னதில் மூன்றாமவன் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் தொழில்முறை கூடைப்பந்து என்றால் பெரும்பாலும் வேலை: வங்கி, ரயில்வே, ராணுவம், விமானப்படை, காவல்துறை, கேரளப் பக்கம் மின்வாரியம். தனியார் லீக்குகள் வந்து வந்து போகின்றன. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதோ, பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடியதோ போன்ற ஒரு சான்றிதழ் வேண்டும். மாநில செலக்‌ஷனில் முதலில் கண்ணில் படுவது உயரம். மாநில அணிச் சட்டை தாவல்காரனுக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. 190 செ.மீ. பையனைப் பள்ளி அணியும் மாவட்ட அணியும் ரிங்குக்குக் கீழே, முதுகு காட்டி நிற்க வைத்துவிடும். அங்கேதான் உடனே பாயின்ட் வரும். இருபது வயதிலும் அவன் 191 செ.மீ.தான். துறை அணிகளில் அந்த இடத்தில் இரண்டு மீட்டர்க்காரர்கள் நிற்கிறார்கள். வெளியே வந்து ஆட டிரிப்பிளும் இல்லை, ஷூட்டும் இல்லை. பெரியகுளத்தில் கோடையில் நடக்கிற அகில இந்தியப் போட்டியில் துறை அணிகளின் விங்குகளை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும்: 188-லிருந்து 195 செ.மீ. வரை இருக்கிறவர்கள் உள்ளே நிற்பதே இல்லை, பந்தைக் கொண்டுவருவதிலும் மூலையிலும்தான் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து டிராஃப்டில் போன சத்நாம் சிங் (2015, 52-ஆம் இடம்) 7 அடி 2 அங்குலம். விங் உடம்போடு வெளிநாட்டு அணி ஒன்றின் ஒப்பந்தம் வரை போனவர் விசேஷ் பிருகுவன்ஷி. 6 அடி 4 அங்குலம், 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அணி. அவருடைய பலம் தாவல் இல்லை. பந்தைக் கையாள்வது, பாஸ், ஷூட்டிங்.

ஷூட்டருக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. கல்லூரிப் போட்டிகளிலும் ஊர் டோர்னமென்ட்களிலும், ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கோர் இடத்தைக் காக்கிற ஜோன் டிஃபன்ஸ் அதிகம். ஜோனை உடைக்க ஷூட்டர் வேண்டும், ஜோனுக்குள் மெதுவான காலும் ஒளிந்துகொள்ளும். கல்லூரிச் சேர்க்கை வரை இவன் நிச்சயம் போவான். அதற்கு மேல் 183 செ.மீ. ஷூட்டருக்குப் பந்து கொண்டுவரவும் தெரிந்திருந்தால்தான் துறை அணியில் இடம்.

வண்டிப்பெரியாறு, பீர்மேடு எஸ்டேட் பக்கமிருந்து மலை இறங்கி வருகிற பையனாக இருந்தால் இன்னொன்று: அவன் பள்ளிப் பதிவு கேரளத்தில் இருக்கும். இந்தப் பக்கம் சேர்த்தால் எந்த மாநிலத்துக்கு ஆடலாம், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், என்ன சான்று வேண்டும் என்பதை இரண்டு பக்க மாவட்டச் சங்கங்களிலும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே மாற்றுச் சான்றிதழுக்குப் போக வேண்டும். ஒரு வருஷம் சட்டை இல்லாமல் போனால் ஒரு சான்றிதழ் போச்சு.

முடிவு

இடம் மூன்றாமவனுக்கு, அவனுடைய தவறல்கள் நேர்கோட்டில் இருந்தால். அவை இடதும் வலதுமாகச் சிதறினால் ஷூட்டருக்கு, அவன் நாலுக்கு நாலில் நகர்கிறவனாக இருந்தால். தாவல்காரனை எடுக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு: அவன் கை நேராக இருந்து, கிளப்பில் ஒருவர் அவனுக்காகவே தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடிந்து, மாவட்ட அணி கோச் அவனை உள்ளே நிறுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால். மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

மூன்றாமவனை எடுத்தால் முதல் நாலு வாரம் மூன்று பாயின்ட் கோட்டுப் பக்கமே விடக் கூடாது. ரிங்கிலிருந்து இரண்டு மீட்டரில் ஒற்றைக் கை ஷூட்டிங், தினம் 100. பிறகு இரண்டு கையோடு 150. பத்துக்கு எட்டு என்று தொடர்ந்து மூன்று செட் வந்தால் அரை மீட்டர் பின்னால் போகலாம். வராவிட்டால் அதே இடம். அவசரப்பட்டுத் தூரம் போனால் தோளால் தள்ள ஆரம்பிப்பான், பழைய கோளாறோடு புதுசும் சேரும். வாரம் இரண்டு நாள் இடுப்பு, தொடைப் பலப் பயிற்சி. இந்த வயதில் எடை கூட, சோற்றுக்கு மேல் தினம் மூன்று, நாலு முட்டையும் அரை லிட்டர் பாலும் சுண்டலும் கணக்கில் வர வேண்டும். பந்து கொண்டுவருகிற வேலையை முழுக்கப் பிடுங்கிவிடவும் கூடாது. வாரம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவனே பாயின்ட் கார்டு.

ஆறாவது மாதம் மறுபடி 100 ஃப்ரீ த்ரோ, அதே ரிங், அதே நேரம், அதே ஓட்டம். 75-ஐத் தொட்டிருந்தால் கோட்டுக்கு வெளியே அனுப்பலாம். தொடவில்லை, தவறல்களும் பக்கவாட்டுக்கு மாறியிருக்கின்றன என்றால் அவனை டிஃபன்ஸுக்கும் பாஸுக்குமான கார்டாகவே வளர்ப்பது மேல். ஷூட்டர் பையனின் வீட்டில் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்: அடுத்து காலியாகிற இடம் அவனுக்கு, அதுவரை ஹாஸ்டல் இல்லாமல் மாலைப் பயிற்சிக்கு மட்டும் பஸ்ஸில் வந்து போகட்டும், பஸ் காசு கிளப் தரும்.